ஒருவரையும் தொலைக்காதவன்

எங்கள் வேலைக்குப் படிப்பைவிட முக்கியமாக வேண்டியது நல்ல வயிறு. ஒரு நாளில் ஆறேழு வீடு ஏறினால் ஆறேழு கிளாஸ் டீ குடித்தாக வேண்டும். ஒவ்வொன்றிலும் சர்க்கரை அடியில் கரையாமல் கிடக்கும். வேண்டாம் என்று கையை நீட்டித் தடுத்தால் போதும், அந்த வீட்டில் அதற்குப் பிறகு எல்லாக் கேள்விக்கும் "தெரியாது" என்றுதான் பதில் வரும். நான் ஒரு வீட்டிலும் வேண்டாம் என்று சொன்னதில்லை. இப்போது சர்க்கரை நோய் இருக்கிறது. அது இந்த வேலை எனக்குக் கொடுத்த ஓய்வூதியம்.

டாக்டர் லுப்னா, நீங்கள் கெய்ரோவிலிருந்து இவ்வளவு தூரம் வந்து கேட்டது ஒரே கேள்வி. மற்ற வட்டங்களில் பத்துக்கு மூன்று பேர், நான்கு பேர் என்று தொலைந்துகொண்டிருக்கும்போது, இந்த ஷவ்கியின், அதாவது என் வட்டத்தில் மட்டும் எப்படி ஒருவர்கூடத் தொலையவில்லை? புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் அதைச் சொல்லித்தர வேண்டும் என்றீர்கள். பாதியை அவர்களுக்குச் சொல்லலாம். மீதியை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். சொல்லி முடித்த பிறகு நீங்கள் அவர்களை என்னிடம் அனுப்ப மாட்டீர்கள்.

நம் ஆய்வுக்கு, படிப்பை முடித்து வேலைக்குப் போகப்போகிற பிள்ளைகளைப் பதினைந்து வயதில் பிடிக்கிறோம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, குளிர்காலத்தில், அதே ஆளைத் தேடிப் போய் அதே கேள்விகளைக் கேட்கிறோம். வேலை கிடைத்ததா, எப்படிக் கிடைத்தது, ஏன் விட்டாய், இப்போது என்ன செய்கிறாய். கடந்த வாரம் கூலிக்காக ஒரு மணி நேரமாவது வேலை செய்தாயா? இந்த ஒரு கேள்வியால் எனக்கு எங்கள் பக்கத்து ஊர்களில் பெயரே மாறிவிட்டது. டீக்கடையில் என்னைக் கண்டால், "ஒரு மணி நேரம் வந்துட்டாருப்பா, எல்லாரும் கையில எதையாவது எடுத்து வேலை செய்யிற மாதிரி நில்லுங்க" என்பார்கள். சிரித்துக்கொள்வேன். கேலி செய்கிறவன் கதவைச் சாத்த மாட்டான்.

ஒருவர் வீடு மாறி, ஊர் மாறி, அடுத்த சுற்றில் கிடைக்காமல் போனால் அதற்கு இழப்பு என்று பெயர். இழந்த ஆளுக்குப் பதிலாக வேறு ஆளைச் சேர்க்க முடியாது. அவனுடைய பதினைந்து வயதும் பதினேழு வயதும் வேறு யாரிடமும் இருக்காது. இதை எனக்குச் சொல்லித்தந்ததே நீங்கள்தான். நான் கொஞ்சம் அதிகமாகவே கற்றுக்கொண்டேன்.

புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடிய பாதி இதுதான். பெற்றோரிடம் விலாசம் கேட்கக் கூடாது, அவர்கள் மகனின் மானத்தைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். முடிவெட்டுகிறவரிடம் கேட்க வேண்டும். ஒருமுறை சாமிஹ் என்ற பையன் கெய்ரோவுக்கு ஓடிவிட்டான். இம்பாபாவில் ஏதோ ஒரு டீக்கடை என்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. என் சொந்தக் காசில் பஸ் ஏறி, கடை கடையாக உட்கார்ந்து, அவன் தட்டை ஏந்திக்கொண்டு என் முன்னால் வந்து நிற்கும் வரை காத்திருந்தேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. சாவுச் செய்தியோடு வந்திருக்கிறேன் என்று நினைத்து, "உம்மா மௌத்தா?" என்றான். இல்லையப்பா, கடந்த வாரம் ஒரு மணி நேரமாவது வேலை செய்தாயா என்றேன். அவன் உட்கார்ந்து அழுதான், பிறகு சிரித்தான், பிறகு எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னான். அந்த நாளை நினைத்தால் இன்னும் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

ராவியாவை முதலில் பார்த்தபோது அவளுக்குப் பதினைந்து. கஃப்ர் நவ்வாரில், கால்வாயை ஒட்டிய சந்தில், எருமைத் தொழுவத்துக்கு அடுத்த வீடு. தாய் உம்மு ஹானி, அண்ணன் ஹானி, ராவியா, தங்கை சமர். தகப்பன் இல்லை. ஹானி டுக்-டுக் ஆட்டோ ஓட்டினான். அந்த வீட்டில் இருந்த ஒரே போன் அவன் சட்டைப்பையில் இருந்தது.

மற்றப் பெண்கள் பதில் சொல்லுமுன் தாயைப் பார்ப்பார்கள். ராவியா என் கையிலிருந்த தாளை எட்டிப் பார்ப்பாள். "அந்தக் கேள்விய விட்டுட்டீங்க உஸ்தாத்" என்று திருத்துவாள். பத்து வருடம் கழித்து என்னவாக இருப்பாய் என்ற கேள்விக்கு எல்லாரும் "அல்லாஹ் நாடினது" என்று முடித்துக்கொள்ள, இவள் மட்டும் கணக்கு எழுதும் வேலை, மேசை, மேசைக்குச் சாவி போட்ட இழுப்பறை என்றாள். சாவி ஏன் என்று கேட்டேன். இந்த வீட்டில் தனக்கென்று பூட்டி வைக்க ஒன்றுமில்லை என்றாள். அதை எழுத எங்கள் தாளில் இடம் இல்லை.

எங்கள் கடைசிக் கேள்வி உங்களுக்குத் தெரியும். நீ எங்கே போனாலும் உன் விலாசம் எப்போதும் தெரிந்திருக்கக்கூடிய ஒருவர் பெயரையும் எண்ணையும் சொல். பெரும்பாலும் மாமன், சித்தப்பா, பள்ளி ஆசிரியர் என்று சொல்வார்கள். ராவியா பத்தொன்பதாவது வயதில் சொன்ன பதில் வேறு.

"உங்க நம்பரையே எழுதிக்குங்க. எத்தன வருசம் ஆனாலும் என்னத் தேடி வர்ற ஒரே ஆளு நீங்கதானே."

அப்படி எழுதக் கூடாது என்று விதி இருந்தது. எழுதினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு மனசு நிறைந்திருந்தது.

அவள் வணிக டிப்ளமா முடித்து வீட்டில் இருந்தாள். அலெக்சாண்டிரியாவுக்கு வெளியே ரெடிமேட் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுத்தார்கள். பெண்களுக்கு ஹாஸ்டல் உண்டு. பக்கத்து ஊர் நஸ்மா அங்கே ஏற்கெனவே வேலையில் இருந்தாள், அவள்தான் சிபாரிசு செய்தாள். ஹானி தெருவே கேட்கும்படி கத்தினான். ஹாஸ்டலில் தங்குகிற பெண்ணை நாளைக்கு எவன் கட்டுவான், ஊர் என் முகத்தில் காறித் துப்பாதா என்றான். ஆகவே ராவியா அவனுக்குத் தெரியாமல், ஒரு கல்யாணத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நஸ்மாவுடன் போய் நேர்முகத் தேர்வை முடித்துவிட்டு வந்தாள். வீட்டு எண் என்று கேட்ட இடத்தில் அண்ணனுடையதை எப்படிக் கொடுப்பாள்? என்னுடையதைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு வந்து என்னிடம் சொன்னாள். அவள் திட்டம் எளிமையானது. வேலை உறுதி என்று தெரிந்தால் உம்மாவைச் சரிக்கட்டலாம், உம்மா சரி என்றால் அண்ணன் ஒரு மாதம் கத்திவிட்டு ஓய்ந்துவிடுவான். அவளுக்கு வேண்டியது அந்த ஓர் அழைப்பு மட்டும்தான்.

அழைப்பு ஆகஸ்ட் மாதத்தில் வந்தது. நான் தமன்ஹூர் சந்தையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் குரல், ராவியா வீடா என்றது. ஆமாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து சேர்ந்துவிட வேண்டும், படுக்கை விரிப்பு கொண்டுவர வேண்டும், மற்றதெல்லாம் இங்கே இருக்கிறது என்றாள். நன்றி சொல்லி வைத்தேன். வெண்டைக்காயை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ராவியாவிடம் சொல்ல மறந்துவிட்டேன் என்றுதான் முதலில் எனக்கே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை டாக்டர். அன்று மாலை முழுவதும் வேறு ஒன்றையும் நான் நினைக்கவில்லை. அந்த மாதிரித் தொழிற்சாலை ஹாஸ்டல்களை எனக்குத் தெரியும். வாசலில் நிற்கிற ஆளைத் தாண்டி எங்கள் கேள்வி ஒன்றும் உள்ளே போனதில்லை. அலெக்சாண்டிரியா குழு அப்படிப் போன பெண்களில் ஒருத்தியைக்கூடப் பிடித்ததில்லை, பிடிக்க முயன்றதாகவும் எனக்குத் தெரியவில்லை. ஜனவரியில் சுற்று தொடங்க இருந்தது. இழப்பு அதிகமான வட்டங்களை மூடுவதாக உங்கள் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. இளைஞர்களுக்கு நிரந்தர வேலை கிடைக்கிறதா என்று கேட்டுத் திரிகிற எனக்கு நிரந்தர வேலை இல்லை, சுற்றுக்குச் சுற்று ஒப்பந்தம். என் வட்டத்தில் இழப்பு பூஜ்யம். அந்தப் பூஜ்யம்தான் எனக்குச் சோறு போட்டது. அதைச் சோற்றுக்காக மட்டும் காத்தேன் என்று சொன்னால் அது பொய். அதன்மேல் எனக்கு ஆசையும் இருந்தது.

ஜனவரி வரைக்கும்தானே என்று நினைத்தேன். ஒரு சுற்று முடியட்டும், பிறகு நானே அவளுக்கு வேறு இடம் பார்த்துக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் கெட்ட எண்ணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் அதே பெண் மறுபடி அழைத்தாள். அவளிடம் என்ன சொன்னேன் என்பதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன். இப்போதே சொன்னால் மீதியைக் கேட்க உங்களுக்கு மனம் வராது.

ராவியா வாரத்துக்கு ஒருமுறை மளிகைக் கடை போனிலிருந்து கூப்பிடுவாள். பின்னால் கடைக்காரரின் ரேடியோ பாடிக்கொண்டிருக்கும்.

"உஸ்தாத், யாராச்சும் கூப்பிட்டாங்களா?"

"இல்லம்மா."

"சரி. போனுக்கு சார்ஜ் இருக்குல்ல?"

"எப்பவும் இருக்கும்மா."

போனுக்கு உண்மையிலேயே சார்ஜ் இருந்தது. அதை மட்டும் நான் பொய்யாகச் சொல்லவில்லை. சில வாரங்களுக்குப் பிறகு அவள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். வேலை போய்விட்டது என்று புரிந்துகொண்டாள் போலும். நஸ்மாவிடம் கேட்க அவளுக்கு ரோஷம். சிபாரிசு செய்தும் தன்னை வேண்டாம் என்றுவிட்டார்கள் என்று நினைத்திருப்பாள்.

நவம்பரில் ஸ்ட்ராபெரிப் பறிப்பு தொடங்கியதும் அவள் பிக்கப் வண்டி ஏறினாள். விடியுமுன் வண்டி சந்து முனைக்கு வரும். பின்னால் பெண்கள் நெருக்கி அடித்து நிற்பார்கள். இதற்கு ஹானி ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுகிறாள், ஊர்ப் பெண்களோடு போகிறாள், அதில் மானம் போக ஒன்றுமில்லை.

ஜனவரியில் போய் உட்கார்ந்தேன். உம்மு ஹானி டீ கொண்டுவந்தாள். ராவியாவின் விரல் நுனியெல்லாம் சிவப்பாக வெடித்திருந்தது. கடந்த வாரம் கூலிக்காக ஒரு மணி நேரமாவது வேலை செய்தாயா என்றேன்.

"இந்தத் தடவ ஆமான்னு எழுதுங்க" என்று சிரித்தாள். "எத்தனை வருசமா இல்ல இல்லன்னு எழுதுனீங்க. உங்களுக்கும் ஒரு ஆறுதல் வேணாமா?"

இந்த வேலையை ஏன் தேர்ந்தெடுத்தாய் என்பது அடுத்த கேள்வி. வேறு எங்கேயும் கூப்பிடவில்லை என்றாள். குறை சொல்லும் குரலில் இல்லை, மழை பெய்யவில்லை என்பதைப் போலச் சொன்னாள். அதற்கு எங்களிடம் ஆயத்தமாக ஒரு பதில் அச்சடித்து இருக்கிறது. 'வேறு வாய்ப்பு வரவில்லை.' நான் அதில் குறி போட்டேன். உங்கள் அறிக்கையில், கிராமப்புறத்தில் டிப்ளமா படித்த பெண்கள் நாட்கூலிக்குப் போவதற்கான காரணம் என்று ஒரு பக்கம் வந்ததே, அதில் அவளும் ஒருத்தி. அந்தப் பக்கத்தைக் கருத்தரங்கில் நீங்கள் திரையில் போட்டுக் காட்டியபோது நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரியில் பனிமூட்டம். வண்டி ஓட்டியவனுக்குக் கால்வாய்க் கரையின் வளைவு தெரியவில்லை. பின்னால் நின்ற பெண்களில் பலர் நீந்தித் தப்பினார்கள், சிலரைக் கரையில் இருந்தவர்கள் இழுத்துப் போட்டார்கள். ராவியாவுக்கு நீந்தத் தெரியாது. கால்வாயை ஒட்டியே வளர்ந்தவள்தான். பெண் பிள்ளை தண்ணீரில் இறங்குவதா என்று யாரும் அவளை விடவில்லை.

எனக்குச் செய்தி சொன்னவர் மளிகைக் கடைக்காரர். அவர் பேச்சை முடிக்குமுன் என் மனதில் என்ன ஓடியது என்பதை நான் சொல்லியாக வேண்டும், அதற்காகத்தான் உங்களை உட்கார வைத்திருக்கிறேன். இறந்தவர்களை நாம் இழப்பாக எண்ணுவதில்லை. ஊர் மாறியவன் இழப்பு, பதில் சொல்ல மறுத்தவன் இழப்பு, செத்தவன் இழப்பு இல்லை. அவனை மொத்தத்திலிருந்தே எடுத்துவிடுவோம். போனைக் காதில் வைத்துக்கொண்டே எனக்கு அது நினைவுக்கு வந்தது. பூஜ்யம் பூஜ்யமாகவே இருக்கும். நெஞ்சில் ஒரு நிம்மதி வந்தது டாக்டர். வந்து உடனே போய்விட்டது, ஆனால் வந்தது. அதற்கப்புறம் நான் சாலையோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். வாந்தியை நினைத்து என்னை நல்லவன் என்று எண்ணிக்கொள்ளப் பலமுறை முயன்று பார்த்திருக்கிறேன். முடியவில்லை.

நாற்பதாம் நாள் அந்த வீட்டுக்குப் போனேன். நஸ்மா அலெக்சாண்டிரியாவிலிருந்து வந்து துக்கம் கேட்டுவிட்டுப் போயிருந்தாள். உம்மு ஹானியின் முகத்தில் அழுகை இல்லை, வேறு ஏதோ இருந்தது. ஹானி வாசல் நிலையில் சாய்ந்து நின்றான்.

"நஸ்மா சொல்றா, கம்பெனிக்காரங்க ரெண்டு தடவ கூப்பிட்டாங்களாம் உஸ்தாத்" என்றாள் உம்மு ஹானி. "அவளுக்குக் கல்யாணம் முடிஞ்சிருச்சு, இனிமே வேலைக்கு வர மாட்டான்னு ஒரு ஆம்பளக் குரல் சொல்லுச்சாம். இந்த வீட்டுல ஆம்பளன்னு யாரு இருக்கா? போன் யாரு பையில இருக்கு?"

"நான் எந்தப் போனையும் எடுக்கல உம்மா. குர்ஆன் மேல சத்தியம்" என்றான் ஹானி.

"தெருவுல நின்னு நீ கத்துனத ஊரே கேட்டுச்சு."

"கத்துனேன். பொய் சொல்லல." அவன் என் பக்கம் திரும்பினான். "உஸ்தாத், நீங்க இத்தன வருசமா எங்களப் பாக்குறீங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னா உம்மா கேக்கும்."

என்னால் ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியும். ஒரே வார்த்தை போதும். நான் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, இந்த வேலையில் பழகிப்போன என் மெதுவான குரலில் உம்மு ஹானியிடம் சொன்னேன்.

"கோவத்துல வாய்ல வர்றதுதான் உம்மு ஹானி. தங்கச்சி மேல இருந்த பாசத்துல செஞ்சிருப்பான். புள்ளைய மன்னிச்சிருங்க."

சமாதானம் செய்து வைக்கிறவன் பேசுவது போலத்தான் இருந்தது. உம்மு ஹானி முகத்தை மூடிக்கொண்டாள். ஹானி என்னை வெகு நேரம் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டதோ என்று பயந்தேன். புரியவில்லை. பைத்தியம் பிடித்தவன் தன் கையையே பார்ப்பது போலப் பார்த்தான். தான் அதைச் செய்திருப்போமோ என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டதோ என்னவோ. அந்த வாரமே டுக்-டுக்கை விற்றுவிட்டு எங்கேயோ போய்விட்டான். லிபியா என்கிறார்கள், சூயஸ் பக்கம் மீன்பிடிப் படகில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். உம்மு ஹானி அவன் பெயரை எடுப்பதில்லை. ஆனால் போன வருடம் ஒருமுறை, நான் கிளம்பும்போது, ஆட்களைத் தேடிக் கண்டுபிடிக்கிறவர் நீங்கள்தானே என்றாள். பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். தேடவில்லை. ஹானி நம் ஆய்வில் இல்லை. முதல் சுற்றிலேயே அவனுக்கு வயது தாண்டிவிட்டது.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது முறை அந்தப் பெண் அழைத்தபோது, ராவியாவுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது, இனி கூப்பிட வேண்டாம் என்று சொன்னவன் நான். அந்தப் பெண் வாழ்த்துச் சொன்னாள். வீட்டு மனிதனாக நின்று அந்த வாழ்த்தை வாங்கிக்கொண்டேன். பனிமூட்டத்தையும் வண்டிக்காரனையும் கால்வாயையும் நான் உண்டாக்கவில்லை, இருந்தாலும் அவளை அந்த வண்டியில் ஏற்றியது நான். அவள் அண்ணனை அந்த வீட்டிலிருந்து துரத்தியதும் நான். அவள் நம்பிக் கொடுத்த ஒரே எண் என்னுடையது.

இரண்டு வருடமாக இந்த வெட்கத்தோடு வீடு வீடாக ஏறி இறங்குகிறேன். கதவைத் தட்டும்போதெல்லாம், திறக்கிறவர் முகத்தைப் பார்க்குமுன் என் கண் தானாகத் தரைக்குப் போய்விடுகிறது. மரியாதைக்காக என்று நினைக்கிறார்கள். சொல்லிவிட்டேன், இனி என்ன செய்வதென்று நீங்கள் முடிவு செய்யுங்கள். வேலையை விட்டு எடுப்பதானால் எடுங்கள். அந்த அறிக்கையின் பக்கத்தைக் கிழித்துப் போடுங்கள். போலீஸுக்குச் சொல்வதானாலும் நான் மறுக்கப் போவதில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உம்மு ஹானிக்கு மட்டும் இது தெரிய வேண்டாம். தங்கை சமருக்குப் பதினைந்து முடிந்துவிட்டது, இனி அவளும் ஆய்வில் சேரலாம். அடுத்த மாதம் சுற்று தொடங்குகிறது. நானோ, எனக்குப் பதிலாக நீங்கள் அனுப்புகிறவரோ, யாராவது போய் அந்தக் கதவைத் தட்டத்தான் வேண்டும். உம்மு ஹானி திறக்காமல் போனால் அந்த வீட்டை நாம் இழந்துவிடுவோம்.